அடக்க ஆராதனையில் ஒரு அந்நியப் பாட்டு

தேவாலயச் சபையில் பாதிப் பேர் அவள் தன் கடையில் போட்டுக்கொடுத்த மூக்குக்கண்ணாடியில்தான் வேதம் வாசித்தார்கள். அவளுக்கோ புத்தகமே வேண்டாம். வேதத்திலுள்ள சங்கீதப் பாடல் அத்தனையும் மனப்பாடம். ஞாயிறுதோறும் பீடத்தருகே நின்று மடமடவென்று சொல்லுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைப்பானேன்.

கண்ணாடிக் கடையில் ஆள் வராத நேரமெல்லாம் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஏதாவது பழைய கிரேக்க நாடகமோ லத்தீன் கவிதையோ விரிந்து கிடக்கும். "விசுவாசிக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்று யாராவது கேட்டால், "கடவுள் கொடுத்த கண்ணு, ஒரு பக்கம் மட்டும்தான் பாக்கணுமா?" என்பாள்.

அந்தப் படிப்புதான் ஒருநாள் அவள் காலை வாரிவிட்டது. தங்கையின் கணவன் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டான். அடக்க ஆராதனையில் சங்கீதம் சொல்ல எழுந்தவள், அழாமல் கல்லாய் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தாள். வாய் பாதியில் தடம் மாறி, கிரேக்க நாடகமொன்றில் வரும் புலம்பலைத் தமிழில் சொல்லி முடித்துவிட்டது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தங்கையின் கொழுந்தன்தான் எல்லாரையும்விடச் சத்தமாக "ஆமென்" என்றான்.

"அது எத்தனையாவது சங்கீதம்மா?" என்று போதகர் பிறகு ஆசையாகக் கேட்டார். அவள் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் கொழுந்தன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "எங்கண்ணன் பெட்டிகிட்ட நின்னு வேற சாமி கும்பிட்டவன் பாட்டா? இனிமே இவங்க வாசிக்கவே கூடாது!"

சபைமுன் மன்னிப்புக் கேட்டால் வாசிப்பு தொடரலாம் என்று போதகர் சமரசம் செய்தார். வாசிப்பு போனால் போகட்டும், தங்கை மனம் புண்பட்டிருக்குமோ என்பதுதான் அவள் கவலை. அடக்கம் முடிந்ததிலிருந்து தங்கை அழவுமில்லை, யாரோடும் பேசவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றாள்.

"யாரோட பாட்டுன்னு சொல்லாம விட்டது தப்பு. அதுக்கு மன்னிச்சிருங்க. பாட்டைச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். நம்ம ஆண்டவர் சிநேகிதன் கல்லறைகிட்ட அழுதார்னு சின்ன வயசுலேர்ந்து படிக்கிறேன். படிச்சிட்டு அடுத்த வரிக்குப் போயிருவேன். அவரைத் தெரியாத ஒரு மனுஷன் எழுதின அழுகையைப் படிச்சப்புறந்தான், அவர் எப்படி அழுதிருப்பார்னு எனக்கு உறைச்சுது. அதனால என் விசுவாசம் குறையல. கூடித்தான் போச்சு."

கொழுந்தன் விருட்டென்று எழுந்தான். "அண்ணியையே கேளுங்க, இது நியாயமான்னு!"

எல்லாரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் மெல்ல வாய் திறந்தாள்.

"அக்கா, அன்னிக்கு எனக்குப் பாதிதான் காதுல விழுந்துச்சு. இன்னொரு தரம் சொல்லு."

போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையசைத்தார். அக்கா சொன்னாள். இந்த முறை மடமடவென்று இல்லை, ஒவ்வொரு வரியாக. பாதியிலேயே தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டு வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

சொல்லி முடித்தாள். அழுகைக்கு நடுவே "ஆமென்" என்றாள் தங்கை. கொழுந்தன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவனும் சொன்னான், இந்த முறை யாருடைய பாட்டென்று தெரிந்தே.