முழங்காலுக்குச் சீனக் கஷாயம்

ஜெர்மனியில் ஹாலே நகருக்குப் போகும் வழியில், ரயில் மாற வேண்டிய ஒரு சின்ன நிலையம். லிஃப்ட் ஓடவில்லை. "நில்லுங்க" என்று நான் கத்தியும் கணவர் பெட்டியோடு படியேறிப் போய்விட்டார். மூட்டுத் தேய்ந்த முழங்கால்களோடு கைப்பிடியைப் பற்றி நிற்கிறேன்.

என் தமிழைக் கேட்டு, என் வயதுள்ள யாழ்ப்பாணப் பெண் ஒருவர் பக்கத்தில் வந்து நிற்கிறார். பிளாஸ்க்கிலிருந்து கறுப்பாக எதையோ ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறார். ஈர மண்ணும் வேரும் கலந்த வாடை.

"முழங்கால் நோவுக்குச் சீன மருந்து, அக்கா. எனக்கும் தேய்மானம்தான்" என்றபடி நாலு படி ஏறிவிடுகிறார். எனக்கு வயிறு எரிகிறது.

"வலி போயிடுச்சா?"

"எங்க போறது! கொஞ்சம் சுகம், அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் இந்தக் கசப்பைக் குடிக்கிறீங்க?"

"அவிக்கிற மணத்துக்கு எனக்குக் குமட்டிச் சத்தி வரும். அதாலை இவர் விடிய எழும்பி, இந்தக் குளிருக்குள்ள பல்கனியில நிண்டு ஒரு மணித்தியாலம் காய்ச்சித் தாறார். குடிக்காமல் விட ஏலுமோ?" வெட்கத்தோடு சிரிக்கிறார்.

இப்போதுதான் நிஜமாக எரிகிறது.

"மருந்துப் பேர் எழுதித் தரட்டோ, அக்கா?"

மேலே பார்க்கிறேன். என் கணவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்.

"வேண்டாங்க" என்கிறேன்.