ஜீப்பின் மேலிருந்த பீரங்கி

பாகிஸ்தான் சண்டை முடிந்ததும் மாட்டுங்கா மைதானத்தில், பீரங்கி பொருத்திய ராணுவ ஜீப் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். என் கணவர் சண்டையில் அப்படியொரு ஜீப்பில்தான் இருந்தார். சுட்டுச் சுட்டு இரண்டு காதும் போய், தாராவிக்குத் திரும்பியிருந்தார். பார்க்க வேண்டுமென்று என்னையும் கூட்டிப் போனார்.

கயிற்றைத் தாண்டிப் போய்ப் பீரங்கிக் குழலைத் தடவினார். காவலுக்கு நின்றவன், "ஹட்டோ!" என்று விலகிப் போகச் சொல்லிக் கத்தினான். அவர் நகரவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினான்.

"அவுகளுக்குக் காது கேக்காதுய்யா! இதச் சுட்டுத்தான் போச்சு!" என்று அலறினேன். எனக்கு இந்தி தெரியாது. கூட்டம் சிரித்தது.

வீடு திரும்பும் வழியில், "அவன் என்னட்டி சொன்னான்?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டான் என்று கையைக் கூப்பிக் காட்டினேன். அவர் நம்பவில்லை. அதன்பிறகு சண்டையைப் பற்றி என்னிடம் அவர் பேசியதே இல்லை.