காணாமல் போன ஊக்கு

எல்லையில் சண்டை மூண்டிருந்த நாட்கள் அவை. ஒரகடத்தில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில், விமானப்படைத் தளத்தில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான பாராசூட்டுகளைத் தைத்து, மடித்து, பையில் அடைத்துக்கொண்டிருந்தோம். லைன் முழுக்கப் பெண்கள். ஷிப்டு முடிந்தும் யாரும் கிளம்பாத வாரம். துணி, கயிறு, துணி, கயிறு. தூக்கத்திலும் கை மடித்துக்கொண்டே இருக்கும்.

உள்ளே நுழையும்போது வளையல், மோதிரம், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தாலியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அதில் தொங்கும் ஊக்கை நாங்களும் நினைப்பதில்லை.

அன்று மதியம், தளத்துக்குப் போகிற வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. பக்கத்து மேஜையில் இருந்த திருநெல்வேலிப் பெண், கழுத்தைத் தடவியவள் அப்படியே நின்றாள்.

"என் தாலிச் செயின்ல கெடந்த ஊக்கக் காங்கலக்கா."

"வூட்லயே வுட்டுட்டு வந்திருப்ப" என்றாள் எதிரே இருந்த பிள்ளைப்பாக்கத்துக்காரி.

"இல்லக்கா. வேலைய ஆரம்பிக்கும்போது கெடந்துச்சு."

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "இன்னாம்மா, ஒரு ஊக்குக்காக வண்டிய நிறுத்தச் சொல்றியா? கான்ட்ராக்ட்ல கீற, ஞாபகம் வெச்சுக்கோ."

பையில் கொக்கியும் வளையமும் உண்டு; உலோகம் காட்டும் கருவி எல்லாப் பைக்கும் ஒரே மாதிரிதான் கூவும். பிரித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. ஊக்கின் முனை பட்ட துணி, வானத்தில் விரிகிறபோது கிழிந்துகொண்டே போகும். அது அவளுக்கும் தெரியும். அவள் வேலையை நம்பித்தான் இருங்காட்டுக்கோட்டை வாடகை அறையில் குடித்தனம் ஓடியது என்பது எனக்குத் தெரியும்.

"இத மாட்டிட்டு ஒரு புள்ள குதிச்சா என்ன செய்யுறதுண்ணே?" திருநெல்வேலிப் பெண் கேட்டுவிட்டாள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பிரிங்கம்மா."

பிரித்தோம். மேஜை மேஜையாக வெள்ளைத் துணி வழிந்தது. பிள்ளைப்பாக்கத்துக்காரி மட்டும், "கெடைக்கட்டும், அப்புறம் கீது உனக்கு" என்று முணுமுணுத்தபடி மடிப்பு மடிப்பாக விரலால் வருடினாள். ஒன்றிலும் இல்லை, அடுத்ததிலும் இல்லை. என் உள்ளங்கை ஈரத்தை ஓவர்கோட்டில் துடைத்துத் துடைத்துத் தேடினேன். திடீரென்று பிள்ளைப்பாக்கத்துக்காரியின் விரல் நின்றது. ஊக்கு வாய் திறந்து, துணியைக் கவ்விக்கொண்டு கிடந்தது.

திருநெல்வேலிப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் ஆபீசுக்குப் போய் நெடுநேரம் கழித்துத் திரும்பினார். "வண்டி நாளைக்கு வரும். இந்தப் பொண்ணு வேலைல இங்கியே இருக்கட்டும்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்ற இடத்தில் வாய் திறந்தாளே, அந்த ஒரு நொடியைப் பிடித்துக்கொண்டுதான் முகம் தெரியாத யாரோ ஒரு பிள்ளை வானத்திலிருந்து பத்திரமாக இறங்குகிறது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.