கார்த்திகா கிறுக்கல்

எங்கள் அண்ணி கார்த்திகாவின் எழுத்துக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ம குதிக்கும், ர காலை நீட்டும், ழ-வின் வால் கீழ் வரியில் இருப்பவரைக் கிள்ளிவிட்டு வரும். அரிமளத்தில் பிரிண்டிங் கடை டிசைனராக இருக்கும் அவள், அந்த எழுத்துகளை ஸ்கேன் எடுத்து ஃபாண்டாகவே ஆக்கிவிட்டாள். பெயர் 'கார்த்திகா கிறுக்கல்'.

அதன்பிறகு காதுகுத்து பேனர், ஐஸ்கிரீம் கடை போர்டு, வேன் முதுகு என்று ஆலங்குடி வரைக்கும் அவள் எழுத்துதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அது ஒத்துவராது. ஒருவர் 'நாய் ஜாக்கிரதை' போர்டை அதில் அடித்து மாட்டினார். தெருவில் போகிறவர்களெல்லாம் கேட்டைத் திறந்து நாயைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். நாய்க்கே வெட்கமாகிவிட்டது.

என் அண்ணன் நாகராஜனுக்கு அவளைப் பேசி முடித்தபோது, எங்கள் வீட்டு வழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. பங்காளிகளுக்குப் போகும் பத்திரிகைக் கவர்களில் கல்யாணப் பெண்ணே தன் கையால் பெயர் எழுத வேண்டும். அச்சடித்த பெயரைப் பார்த்தால் பெரியப்பா ராமசுப்பிரமணியன் மண்டபத்துப் பக்கமே வர மாட்டார். அவர் வராவிட்டால் நாற்பது குடும்பமும் வராது. அப்புறம் என்ன கல்யாணம்?

கார்த்திகா நன்றாகத் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு, பங்காளி கவர் உட்பட அறுநூறு கவரிலும் நீல மையில் தன் ஃபாண்டிலேயே அடித்துத் தள்ளினாள்.

"என் எழுத்துதானே மீனா, இதுல பொய் என்ன இருக்கு?" என்றாள் என்னிடம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிரிண்டருக்குக் கவர் எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

ஒன்றை இருவரும் மறந்துவிட்டோம். எங்கள் பக்கம் தாத்தா பெயர்தான் பேரன்களுக்கு. ஆகவே ஒரே தெருவில் மூன்று ராமசுப்பிரமணியன்கள். யாருக்குப் பெரிய எழுத்து, யாருக்குச் சின்ன எழுத்து என்று மரியாதையை அளக்க, மூன்று பேரும் கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார்கள். இம்மியும் பிசகவில்லை. கையால் எழுதினால் அப்படி அச்சாக வருமா?

மறுநாள் காலை பெரியப்பா அரிமளம் கடைக்கே கிளம்பிவிட்டார். அம்மா பதறிப்போய் என்னையும் கூட அனுப்பினாள்.

"ஏத்தா, எம்பேர இந்தக் கவருல எழுது, பாப்போம்" என்று கார்த்திகாவிடம் பேனாவையும் ஒரு புதுக் கவரையும் நீட்டினார்.

நாலு வருடமாக மவுஸ் பிடித்த கை. பேனா பிடிக்கவே மறந்திருந்தது. 'ராம' கோணியது, 'சுப்பிர' சரிந்தது, 'மணியன்' கவரின் ஓரத்தில் நசுங்கியது. கார்த்திகா அழுதேவிட்டாள்.

"மெஷின்ல அடிச்சதுதான் மாமா. அது நான் சிரிச்சுக்கிட்டே எழுதுனது. இது ஒங்களுக்குப் பயந்து எழுதுனது. மன்னிச்சிருங்க."

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு அந்தக் கவரை எழுத்தெழுத்தாகப் பார்த்தார். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

"அவனுக ரெண்டு பேருக்கும் மெஷினே போதும். இது எனக்கு" என்று அந்தக் கோணல் கவரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வைத்துக்கொண்டவர் சும்மா இருந்தாரா? "எனக்கு மட்டுந்தான் கையெழுத்து" என்று தெரு முழுக்கக் காட்டிவிட்டார். கல்யாணத்தன்று மேடையில் முதல் ஆட்களாக மற்ற இரண்டு ராமசுப்பிரமணியன்களும் கவரோடு நின்றார்கள். பின்னால் நாற்பது குடும்பம். மாலையை ஒதுக்கிக்கொண்டு கார்த்திகா எழுத எழுத, அண்ணன் கவர் வாங்கி வாங்கிக் கொடுத்தான். "இங்கிட்டுப் பாருங்க, இங்கிட்டுப் பாருங்க" என்று கத்திக் கத்தி போட்டோகிராஃபருக்குத் தொண்டை கட்டிப்போனது.

ஆல்பத்தில் ஒரு படத்திலும் அவள் நிமிரவில்லை. பார்க்கிறவர்களெல்லாம், "பொண்ணு எம்புட்டு அடக்கம்!" என்கிறார்கள்.