காஹாங் தியேட்டரில் அன்னலட்சுமி உட்கார்ந்த இடம்

மோகனதாஸ் அங்கிளின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கோலிக்குண்டு இருக்கும். ஜொகூரில் எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும், கொஞ்சம் பெரிய பழைய கடை கண்ணில் பட்டால் உள்ளே நுழைவார். கடைக்காரரிடம் மலாயில் நாலு வார்த்தை பேசிவிட்டு, குனிந்து கோலியைத் தரையில் வைப்பார். அது வைத்த இடத்திலேயே நின்றால் நன்றி சொல்லி வெளியே வந்துவிடுவார். மெல்ல உருண்டு ஏதாவது ஒரு சுவரைப் பார்த்து ஓடினால் முகம் மலர்ந்துவிடும். முன்னால் இருப்பவரின் தலை பின்னால் இருப்பவருக்கு மறைக்கக் கூடாது என்று தியேட்டரில் தரையைச் சாய்வாகத்தான் போடுவார்கள். கோலி எந்தச் சுவருக்குப் போகிறதோ, அங்கேதான் திரை இருந்திருக்கும்.

இப்படி இருபத்திரண்டு தியேட்டர்களைக் கண்டுபிடித்துவிட்டார். லாபிஸில் ஒன்று சூப்புக்கான பறவைக்கூடு எடுக்கும் கட்டடமாகிவிட்டது. பறவைகளை அழைக்க ஒலிபெருக்கியில் கீச்கீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "இப்பவும் ஹவுஸ்ஃபுல்தான்" என்பார் அங்கிள். சிம்பாங் ரெங்கத்தில் ஒன்று இரும்புக் கடை. அங்கே ஆணிப் பெட்டிகள் எல்லாம் சரிந்து சரிந்து திரைப் பக்கமே போகின்றனவாம்; கடைக்காரர் கட்டை வைத்து நிறுத்தியிருக்கிறார். குளுவாங் நில அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்தவர் என்பதால், எல்லாவற்றையும் கோப்பு போலவே எழுதி வைத்திருக்கிறார்: ஊர், மனை எண், கட்டிய வருஷம், கடைசிக் காட்சி, இப்போதைய நிலை.

குளுவாங்கில் என் அத்தா ஷாநவாஸ் நடத்தும் சாப்பாட்டுக் கடையில்தான் அவருக்குத் தினமும் காலைத் தேநீர். நான் ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்தேன். கல்லாவில் உட்கார்ந்தால் ஒரு வாரத்துக்குள் கால் அரிக்கிறது. அந்தச் சமயம் பார்த்து அங்கிளுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை, மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது. அத்தாவின் வேன் சாவியை நான் எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் நிம்மதி. அத்தாவுக்கும்தான்.

இருபத்திரண்டில் ஒன்று மட்டும் அவரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது. காஹாங்கில் இருந்த 'பூலான்' தியேட்டர்.

"எங்களது லவ் மேரேஜ்மா நிலோபர்" என்று ஒருநாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தொடங்கினார். பக்கத்தில் அவர் மனைவி அன்னலட்சுமி ஆன்ட்டி.

"அலமாக்! காலையிலேயே ஆரம்பிச்சிட்டாரு" என்றார் ஆன்ட்டி. "யாரு லவ் பண்ணது? உங்க அம்மா வந்தாங்க, ஜாதகம் கேட்டாங்க, பொருந்திச்சு. பேசி முடிச்ச கல்யாணம்."

"அம்மா ஏன் வந்தாங்க? நான் சொல்லித்தானே வந்தாங்க! எண்பதாம் வருஷம், காஹாங்குக்கு நிலம் அளக்கப் போயிருந்தோம். சாயங்காலம் பூலான்ல படம். இடைவேளையில இவ பால்கனிப் படிக்கட்டுல இறங்கி வந்து கச்சான் பூத்தே கடலைப் பொட்டலம் வாங்குறா. கடலைக்காரர்தான் சொன்னாரு, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மகள்னு. அப்புறம் விளக்கை அணைச்சிட்டாங்க. பால்கனி முழுக்கத் தேடுறேன், ஆளைக் காணோம்."

"நான் பால்கனியில ஏறினதே இல்ல" என்றார் ஆன்ட்டி. "வேற யாரையோ பாத்துட்டு என்னைக் கட்டிக்கிட்டீங்க. பாவம், அந்தப் பொண்ணு தப்பிச்சிட்டா."

கடையே சிரித்தது. அங்கிளும் சிரித்தார். ஆனால் வேனில் ஏறிய பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நாப்பத்தோரு வருஷமா இதே பதில்தான்மா. எனக்கு வேற எதுவும் வேணாம். அன்னைக்கு அவளும் என்னைப் பாத்தாள்னு ஒரே ஒரு தடவை அவ வாயால கேக்கணும்."

பூலான் இப்போது மேசை நாற்காலி விற்கும் தளவாடக் கடை. மூன்று தடவை போய் வந்திருக்கிறார். பழைய கோப்பில் தியேட்டர் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் தரையைச் சிமெண்ட் போட்டுச் சமமாக்கி ஓடு பதித்துவிட்டார்கள், கோலி அசையவில்லை. முதலாளி லிம்மிடமிருந்து அந்த வாரம் ஒரு செய்தி வந்தது. கடையை மூடுகிறார், அடுத்த வாரம் கட்டடத்தை இடிக்கிறார்கள்.

"அவளை அங்க கூட்டிட்டுப் போய் நிறுத்தினா ஞாபகம் வந்துடும்" என்றார் அங்கிள். "ஆனா தியேட்டர்னு சொன்னா வரமாட்டா."

"கடையைக் காலி பண்றாங்க, பாதி விலைன்னு சொல்லுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆன்ட்டி எங்களுக்கு முன்னால் தயாராகி வேனில் உட்கார்ந்திருந்தார். கையில் அளவு நாடா. வழி முழுக்கச் செம்பனைத் தோட்டம்.

"சமையலறைக்கு ஒரு மேசை, நாலு நாற்காலி. வேற எதுக்கும் நான் வரல, சொல்லிட்டேன்" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உங்க முதுகே சொல்லுதுலா."

கடைக்குள் சோபாக்களும் அலமாரிகளும் அடைந்து கிடந்தன. லிம் அங்கிளைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே படிக்கட்டைக் காட்டினார். மேலே, பால்கனி இருந்த இடத்தில் மெத்தைகளை அடுக்கியிருந்தார்கள். புதுக் கண்ணை இடுக்கிக்கொண்டு அங்கிள் விறுவிறுவென்று ஏறினார்.

"அன்னம்! மேல வா! இந்தத் தூண் பக்கத்துலதான் நான் உக்காந்திருந்தேன். உங்க குடும்பமெல்லாம் முன் வரிசையில இருந்திருக்கணும்!"

ஆன்ட்டி மேலே பார்க்கவே இல்லை. ஒரு மேசையை அளந்தார், இன்னொன்றைத் தட்டிப் பார்த்தார். அப்படியே சோபாக்களுக்கு இடையில் முன்னால் நடந்துகொண்டே போனார். கடைசிச் சுவருக்கு ஆறடி தள்ளி ஒரு சிவப்புச் சோபா. அதில் உட்கார்ந்து, சாய்ந்து, கழுத்தை நன்றாக அண்ணாந்து அந்த வெற்றுச் சுவரைப் பார்த்தார். இவ்வளவு உயரமாக எதைப் பார்க்கிறார் என்று நானும் பார்த்தேன். காற்றாடி ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"இப்படித்தான்" என்றார் என்னிடம். "படம் முடிஞ்சா ரெண்டு நாளைக்குக் கழுத்து திரும்பாது. மரப்பெஞ்சு. மூட்டைப்பூச்சி வேற."

மேலே இருந்து மறுபடி குரல்: "அன்னம், ஒரு நிமிஷம் வந்து பாரேன்!"

ஆன்ட்டி சட்டென்று எழுந்து திரும்பினார். கடையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினார்:

"அங்க என்னத்தைத் தேடுறீங்க? நான் இங்க உக்காந்திருந்தேன்!"

மெத்தைகளுக்கு நடுவே அங்கிளின் தலை தெரிந்தது. பிறகு அவர் படியிறங்கி வந்த வேகத்தைப் பார்த்து லிம்மே பயந்துவிட்டார்.

"இங்கயா? இது தேர்ட் கிளாஸ்!"

"ஆமா."

"டிரெஸ்ஸர் மக தேர்ட் கிளாஸ்லயா?"

"டிரெஸ்ஸர் மகளுக்கும் படம் பாக்கணும்னு இருக்காதா? வீட்டுல விட மாட்டாங்க. தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுற கருப்பாயி இருந்தாளே, அவளும் நானும் தையல் வகுப்புன்னு சொல்லிட்டு வந்தோம். பக்கத்துக் கதவு வழியா நுழைவோம். கச்சான் வாங்க மட்டும்தான் படிக்கட்டுப் பக்கம் வந்தேன். நீங்க மேல இருந்து இறங்கினீங்களா, நானும் மேல இருந்துதான் வந்தேன்னு நீங்களாவே முடிவு பண்ணிட்டீங்க. நம்ம மாதிரி உத்தியோகக் குடும்பத்து ஆளுங்கன்னா பால்கனிதான்! வேற எங்க இருப்பாங்க?"

அங்கிள் மேலே பால்கனியைத் திரும்பிப் பார்த்தார். தன் கோப்பில் ஒரு பக்கம் தவறு என்று தெரிந்த எழுத்தரின் முகம் அது. பிறகு பாதி நம்பிக்கையோடு கேட்டார்: "சும்மா என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்றியா?"

"வெள்ளை முழுக்கைச் சட்டை. தலையில ஒரு படி எண்ணெய். என்னைப் பாத்ததும் கையில இருந்த கடலைப் பொட்டலத்தைத் தலைகீழா பிடிச்சிட்டு நின்னீங்க. எல்லாம் கீழ கொட்டிடுச்சு. வெறும் காகிதத்தையே வாயில வச்சீங்க."

அங்கிளின் காது சிவந்தது. "இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லையே" என்றார் என்னிடம், ஏதோ நான்தான் சாட்சி என்பது போல.

"அப்புறம் ஏன் ஆன்ட்டி இத்தனை வருஷம் சொல்லல?" என்றேன்.

"கல்யாணப் பேச்சு வந்தப்ப எப்படிச் சொல்றது? பாட்டாளி ஜனங்களோட தேர்ட் கிளாஸ்ல உக்காந்தான்னு தெரிஞ்சா எங்க சிவசம்பு அண்ணன் கல்யாணத்தையே நிறுத்தியிருப்பாரு. இவங்க அம்மா மட்டும் சும்மா இருந்திருப்பாங்களா? சரி, பால்கனியில ஏறலன்னு சொன்னா பொய்யும் இல்லை. அப்படியே விட்டுட்டேன். பிறகு பாத்தா," ஆன்ட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, "இவரு வருஷா வருஷம் என்னை அந்தப் பால்கனியிலயே தேடிக்கிட்டு இருக்கிறதைப் பாக்கவே நல்லா இருந்துச்சு."

அங்கிள் சிவப்புச் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்து, அவரும் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். "கழுத்து வலிக்குதே" என்றார். அதற்கு ஆன்ட்டி அவர் தோளில் ஓர் அடி கொடுத்தார். லிம்முக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மூன்று குவளைகளில் சீனத் தேநீர் வந்துவிட்டது.

எனக்கும் அந்தச் சந்தோஷம் தொற்றிக்கொண்டது. "அண்ணன்கிட்ட இப்பவாவது சொல்லலாமே" என்று கிளப்பிவிட்டேன்.

"அவருக்கு எண்பத்து மூணு வயசு."

"சொல்லு, சொல்லு" என்றார் அங்கிள். "எனக்கு எழுத்துல கிடைச்ச மாதிரி ஆகும்."

சிரம்பானில் இருக்கும் சிவசம்பு அண்ணனுக்கு ஆன்ட்டி கைப்பேசியில் காணொளி அழைப்பு போட்டார். திரையில் ஒரு நெற்றியும் திருநீறும் மட்டும் தெரிந்தன. ஆன்ட்டி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நெற்றி சுருங்கியது.

"படத்துக்குப் போனியா?"

"ஆமா அண்ணா."

"சொல்லாம போனியா?"

"ஆமா."

"தேர்ட் கிளாஸா?" இதில்தான் குரல் உடைந்தது. "அப்பா டிரெஸ்ஸர். நீ தேர்ட் கிளாஸ்!"

தொடர்பு அறுந்தது. ஆன்ட்டி பயந்து எங்களைப் பார்த்தார். அங்கிள் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசைக்கும் நாற்காலிகளுக்கும் லிம்மிடம் பேரம் பேசி முடித்து, இரண்டு நாற்காலிகளை வேனில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தபோது கைப்பேசி மறுபடி அடித்தது. அதே நெற்றி.

"சரி, அது என்ன படம்? நல்லா இருந்துச்சா?"

ஆன்ட்டி யோசித்தார். அங்கிளைப் பார்த்தார். அறுபத்து நாலு வயதில் அப்படி வெட்கப்பட்டவரை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை.

"இடைவேளை வரைக்கும்தான் அண்ணா எனக்குத் தெரியும்" என்றார். "அதுக்கப்புறம் நான் எங்க திரையைப் பாத்தேன்? பின்னால திரும்பி, மேல பால்கனியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."