பெரிய இடம்

"அல்லாஹு அக்பர்", இறைவனே மிகப் பெரியவன் என்று அந்தித் தொழுகைக்கான பாங்கு எழுந்ததும் எதிர் வீட்டுத் தையல் மிஷின் சட்டென நின்றது. நான் எண்பதுகளின் வில்லாபுரத்துக்குப் போய்விட்டேன்.

எங்களைவிட மிஷின்தான் அம்மாவுக்கு உசிர். அதையும் பாங்கு கேட்டால் பாதித் தையலில் விட்டு எழுந்துவிடுவாள். ஒருநாள் மில்காரர் வீட்டம்மா, மகளின் கல்யாண ஜாக்கெட்டுக்காகக் காத்திருந்தபோது பாங்கு கேட்டு அம்மா எழுந்தாள்.

"தச்சுட்டுப் போய்த் தொழும்மா. நாங்க எம்புட்டுப் பெரிய எடம்னு தெரியும்ல?"

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"பெரியவன் யாருன்னு இப்பத்தான் பள்ளிவாசல்ல சொன்னாக. ஒங்க காதுல விழலையா?"

அவர் துணிகளை வாரிக்கொண்டு போனார். தொழுதுவிட்டு வந்த அம்மா, மிஷினுக்கு எண்ணெய் விட்டு வேறு ஜாக்கெட்டை எடுத்தாள்.

இப்போது என் கைபேசி அடிக்கிறது. திரையில் ‘முதலாளி’ என்று மினுங்குகிறது. முதல் ஆளா? யார் சொன்னது? அடிக்கட்டும், நான் தொழப் போகிறேன்.