வேண்டாம் அக்கா

வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, கண் மருத்துவமனையின் காத்திருப்போர் வரிசையில் வந்து உட்காருகிறார் அந்தப் பெண்மணி. மடியில் ஒரு பழைய வார இதழ். பார்ப்பவர்களுக்கு அவரும் ஒரு நோயாளி. பார்வை மட்டும் இதழில் இல்லை. லேசர் சிகிச்சை செய்துகொண்டு கண்ணாடிக்கு விடைகொடுக்க வந்திருக்கும் பதினான்கு பேரில் யார் எத்தனை தடவை கண்ணைக் கசக்குகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பத்து நிமிடம் கழித்து, அதே பெண்மணி கோட்டுடன் அறைக்குள் இருப்பதைப் பார்த்து ஆட்கள் திடுக்கிடுகிறார்கள். கருவிழியின் தடிமனையும் வளைவையும் அளந்து, யாருக்கு லேசர் ஆகும், யாருக்கு ஆகாது என்று டாக்டருக்கு எழுதி அனுப்புவது அவர் வேலை. பாதிப் பேருக்கு ஆகாது. ஊழியர்கள் வைத்த பெயர் ‘வேண்டாம் அக்கா’.

“பவர் ஒரு வருஷமா ஏறாம நிக்குதா?”

“போன மாசந்தான் கண்ணாடி மாத்தினேன்.”

“அப்ப அது இன்னும் ஓடிட்டிருக்கு. நின்னதும் வாங்க.”

கைக்குழந்தைக்காரியிடம், “பால் குடிக்குதா? நிறுத்தி மூணு மாசம் போகட்டும்மா.” ரெண்டு வாரமாக கான்டாக்ட் லென்ஸைத் தொடவில்லை என்று சத்தியம் செய்தவரை, லென்ஸ் அழுத்தி மாறியிருந்த வளைவை வைத்துக் கருவியே காட்டிக்கொடுத்தது.

தீயணைப்புத் துறைத் தேர்வுக்குப் போகவிருந்த இளைஞர் கெஞ்சினார். “கசக்கவே மாட்டேங்க.”

“வெளியில பத்து நிமிஷத்துல ஏழு தடவை, தம்பி.”

அவர் அம்மா பொருமினார்: “இவங்ககிட்ட கண்ணைக் காட்டறதுக்குப் போலீஸ்ல சரணடைஞ்சிடலாம்.”

அக்கா கோபப்படவில்லை. மெலிந்த கருவிழி, லேசருக்குப் பிறகு கசக்கக் கசக்க எப்படி முன்னால் புடைத்துக்கொள்ளும் என்று படம் வரைந்து காட்டினார்.

எட்டு வருடம் முன்பு, அந்த இளைஞர் உட்கார்ந்த அதே இருக்கையில் அவருடைய சொந்தத் தம்பி உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டுநர். மழை நாளில் மூக்குக்கண்ணாடி மங்குகிறது என்று வந்தவர். தடிமன் எல்லைக்கோட்டில் இருந்தது. ‘கசக்கும் பழக்கம்’ என்ற கட்டத்தில் அக்கா கேட்காமலே ‘இல்லை’ என்று குறித்தார்.

“கூடப் பொறந்தவன்கிட்டப் போய் என்னத்தக் கேக்கறதுன்னு நெனச்சேன். தினம் எழுந்ததும் கசக்குவான். தூக்கக் கலக்கம்னு விட்டுட்டேன். வீட்டுக்குள்ள நடக்கறது பழக்கமாவே தெரியலங்க” என்றார் என்னிடம்.

டாக்டர் அந்த ‘இல்லை’யை நம்பி லேசர் செய்தார். இரண்டே வருடத்தில் வலக்கண் போனது, ஸ்டீயரிங்கும் போனது. இப்போது பணிமனைக் கிடங்கில் உதிரிபாகம் எடுத்துக் கொடுக்கிறார். இடக்கண்ணில், கான்டாக்ட் லென்ஸ் போட்டால், பாதிப் பார்வை. அதுவும் கைவிட்டால் கிடங்கும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும்.

அக்காவைப் பற்றி எழுத நான் போயிருந்த அன்று தம்பிக்கு அளவு நாள்.

“என்னக்கா, இன்னிக்கு எத்தனை பேரைத் துரத்தின?”

“ஒன்பது. லென்ஸைக் கழட்டு. வயசு?”

“நான் பொறந்தப்ப தொட்டில் ஆட்டினவளே நீதான். உனக்குத் தெரியாதா?”

“சொல்லு.”

“முப்பத்தெட்டு. மிச்சம் தெரிஞ்சதுதானே, நீயே போட்டுக்க.”

அக்கா படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். பேனாவையும் கொடுத்தார். தம்பி குனிந்து, மூக்கு காகிதத்தில் உரச, ‘கசக்கும் பழக்கம்’ என்ற அந்தக் கட்டத்தைத் தேடினார். இடத்தைக் காட்ட அக்காவின் விரல் பாதிவரை போனது. பிறகு மடங்கித் திரும்பிவிட்டது.